பழகுநர் உரிமம்

எல் பதினேழு. சீட்டை நாலாக மடித்துப் பிரித்து, மறுபடி மடித்து, ஏழின் மேல்கோடு வேர்வையில் அழியத் தொடங்கிவிட்டது, முழுக்க அழிந்தால் பதினொன்று என்று படித்துவிடுவார்களோ, பதினொன்று அப்போதே போய்விட்டதே, அந்தத் தாடிக்காரப் பையன்தானே பதினொன்று, சிரித்துக்கொண்டே வெளியே போனான். திரையில் இப்போது ஆர் முப்பத்திரண்டு, கவுண்டர் நாலு. ஆர் என்றால் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தவர்கள். எல் என்றால் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள். என்னைச் சுற்றி எல் சீட்டோடு இருப்பவர்கள் எல்லாரும் பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள், பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ, நான் ஒருத்திதான் நாற்பத்தொரு வயசில் மடியில் பையை இறுக்கிக்கொண்டு, பார்க்கிறவர்கள் நானும் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா என்று நினைத்துக்கொள்ளட்டும். பழகுகிறவள். ஆறு வருஷமாக ஓட்டுகிறேன். இன்று காலையும் நானேதான் ஓட்டிக்கொண்டு வந்தேன், வேறு எப்படி வர, இந்த ஊரில் பஸ் என்றால் மஞ்சளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது மட்டும்தான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது குற்றம், அதனால் லைசென்ஸ் வாங்க வந்தேன், வாங்க வருவதற்கு அந்தக் குற்றத்தை இன்னொரு தடவை செய்தேன். வண்டியை இங்கே நிறுத்தவில்லை. தாண்டிப் போய்ப் பெயின்ட் கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஏதோ வாங்க வந்தவள்போல் கடைக்குள் ஒரு சுற்று சுற்றி, பின்கதவு வழியாக வெளியேறி நடந்து வந்தேன். யார் பார்க்கப்போகிறார்கள். யாருமில்லை. ஆனாலும் என் கால்கள் அப்படித்தான் நடக்கப் பழகியிருக்கின்றன.

தரையைத் துடைத்த மருந்து வாசனை, நாசரேத் மிஷன் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கிறது, அங்கேயும் இப்படித்தான் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து அடித்திருப்பார்கள், ஒருவர் காலை ஆட்டினால் வரிசை முழுக்க ஆடும். அங்கே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஹெப்சிபா, ஹெப்சிபா யாரும்மா என்று. இங்கே எண். எண்ணே நல்லது. என் பெயர் இந்த நாட்டில் ஒரு தகராறு. பாஸ்போர்ட்டில் அப்பா ஹெப்சிபா என்று மட்டும் போட்டுக் கொடுத்தார், குடும்பப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டார், நமக்கு ஏது அது. விசா அடித்தவர்கள் இருந்த ஒரு பெயரையும் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டு, முதல் பெயர் தெரியாது என்பதற்கு மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டார்கள். எஃப் என் யூ. பல் டாக்டர் ஆபீஸில் ஃப்னு, ஃப்னு என்று கூப்பிட்டார்கள், நான் யாரையோ என்று உட்கார்ந்தே இருந்தேன். மகள் கெசியின் பள்ளிக்கூடத்துக் கடிதத்தில் மிஸஸ் ஆல்வின். வாடகைப் பத்திரத்தில் ஹெப்சிபா ஆல்வின். பையில் நாலு தாள் இருக்கிறது, நாலிலும் நாலு பேர். இது நீதானா என்று கேட்டால் எந்த ஒருத்திக்கு ஆமாம் என்பது. பாஸ்போர்ட்டில் உள்ள விசாவைப் புரட்டிப் பார்ப்பார்களா. பார்க்கமாட்டார்கள், இந்த மாநிலத்துச் சட்டப்படி பார்க்கத் தேவையில்லை என்று உதவிச் சங்கத்துப் பெண் மூன்று தடவை சொன்னாள், நீ யார், எங்கே குடியிருக்கிறாய், அது போதும், எப்படி இங்கே இருக்கிறாய் என்று கேட்கமாட்டார்கள் என்றாள். வக்கீலைக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் இருக்கிறது, உங்கள் விவரத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, இன்றைக்கு இருக்கிறது என்றார். இன்றைக்கு. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாலு மாதமாக அது என் காதுக்குள் கிடக்கிறது, பாத்திரம் கழுவும்போது, தலைக்குக் குளிக்கும்போது. விலாசத்தை எழுதிக் கொடுப்பேன், முகத்தைக் காட்டுவேன், அவர்கள் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவார்கள், நல்லவர்கள்தான் பூட்டுவார்கள், நாளைக்கு வேறொருவர் வந்து சாவி எங்கே என்று கேட்டால்.

மரிசோல் ஒன்றையும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்காமலே போனாள். துணி துவைக்கும் கடையில் பழக்கம், அவள் ஸ்பானிஷில் பேசுவாள், நான் பாதி தமிழிலேயே பேசுவேன், இரண்டு பேரும் ஒருவர் பிள்ளையை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். லைசென்ஸுக்குப் போடு, சட்டம் வந்துவிட்டது என்று நான் சொன்னபோது என் கையைத் தட்டிச் சிரித்தாள், பேரைக் கொடுத்தால் வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்றாள். பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒன்று எரியவில்லை, அவ்வளவுதான். நிறுத்தினார்கள், லைசென்ஸ் கேட்டார்கள், இல்லை. அங்கிருந்து எங்கே, எத்தனை கை மாறிப் போனாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, இப்போது அவள் நாட்டில் இருக்கிறாளாம், பிள்ளைகள் இங்கே அவள் தங்கச்சியிடம். அவளுடைய வண்டி மட்டும் மூன்று நாள் பள்ளத்துச் சாலை ஓரத்தில் நின்றது. நான் தினமும் அதைத் தாண்டிப் போனேன். பின் சீட்டில் மடித்த துணிக்கூடை. மேலே இருந்தது ஒரு பச்சைப் போர்வை, யார் வீட்டுப் போர்வையோ. மூன்றாம் நாள் மழையில் கண்ணாடி மூடாமல் இருந்த பக்கம் நனைந்து கறுத்துப்போயிருந்தது. இறங்கிப் போய்க் கண்ணாடியையாவது ஏற்றிவிடலாம் என்று தோன்றியது, இறங்கவில்லை. கொடுத்தாலும் வருவார்கள், கொடுக்காவிட்டாலும் பிடிப்பார்கள். அப்படியானால் எது. காலையிலிருந்து இந்த இடத்துக்கு வந்து வந்து நிற்கிறேன், மாடு செக்கைச் சுற்றுவதுபோல. எழுந்து போய்விடலாம். கதவு பத்தடிதான். ஆனால் அடுத்த தேதி நாலு மாதம் கழித்து, நாலு மாதத்தில் எத்தனை நாள், ஒவ்வொரு நாளும் எத்தனை சிக்னல்.

ஊருக்கு வந்துரு என்கிறார் ஆல்வின். விசா முத்திரை போட்டுவர என்று மூன்று வாரத்துக்குக் கிளம்பிப் போனவர், மறுத்துவிட்டார்கள், அங்கேயே இருந்துவிட்டார், அவர் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் என் விசா நின்றது, அது விழுந்ததும் இதுவும் விழுந்தது. மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார், ஆறு மாதம் என்றார், பிறகு சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, இப்போது மாதம் ஒரு தடவை போனில் முகம் காட்டுகிறார். கெசியா கையால் பேசுவாள், அவருக்கு ஒன்றும் புரியாது, நல்லாயிருக்கியா நல்லாயிருக்கியா என்று வாயை அகல அகலத் திறந்து சொல்வார், அவள் என்னைப் பார்ப்பாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காத பிள்ளை. பாளையங்கோட்டையில் இல்லாத பள்ளிக்கூடமா என்கிறார். இருக்கிறது, நல்ல பள்ளிக்கூடம், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே கை பேசுகிற மொழி வேறு, இவள் பன்னிரண்டு வருஷமாகப் படித்தது வேறு. இங்கே அவளுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள், கேலி பேசுகிறாள், ஒரு பையனைப் பற்றி என்னிடம் மறைக்கிறாள். கூட்டிக்கொண்டு போனால் அன்றையிலிருந்து மறுபடி ஊமை. அதுதான் காரணம். அது மட்டும்தானா. ராத்திரி படுத்தால் அந்தக் கேள்வி வரும், நாசரேத்தில் அம்மா வீட்டு வாசலில் புருஷன் இல்லாமல் இறங்கி நிற்க வேண்டுமே என்பதும் உண்டா இல்லையா, உண்டு, கொஞ்சம் உண்டு, எவ்வளவு என்று எனக்கே தெரியாது. இந்தத் தேர்வுக்கு என்னைப் படிக்க வைத்தவள் கெசிதான். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாலைப் பலகைக்கும் கையால் கேட்பாள், முக்கோணம் தலைகீழாக இருந்தால் என்ன. நான் வழி விடு என்று கை காட்டினேன். தப்பு, நீ காட்டியது ஓடிப் போ என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது மட்டும் அவளுக்குச் சத்தம் வரும்.

அந்தப் பெண் பிள்ளை இயலின் உதடு. நினைக்கக் கூடாது என்று காலையில் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். பூர்ணிமாவின் இரட்டைப் பிள்ளைகள் இயல், நிலவன், ஏழு வயசு, இரண்டு வருஷமாகப் பள்ளிவிட்டதும் நான்தான் கூட்டிப்போய் நீச்சல் வகுப்பில் விட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து சோறு போட்டு, பூர்ணிமாவோ அவள் புருஷன் செந்திலோ வரும்வரை இருப்பேன். பூர்ணிமா என்னிடம் லைசென்ஸ் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவள் கேட்காததற்கும் நான் சொல்லாததற்கும் நடுவே அந்த இரண்டு பிள்ளைகளும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போன ஐப்பசியில், நின்றிருந்த என் வண்டியில் பின்னால் வந்தவன் இடித்தான். தப்பு முழுக்க அவன்மேல். நல்ல மனுஷன், பதறி இறங்கி வந்தான், பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லையே, போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தான். நான் வேண்டாம், வேண்டாம், ப்ளீஸ் என்று அவன் கையைப் பிடித்தேன். ஊர் பேர் தெரியாத ஆம்பளையின் கையை. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், புரிந்துகொண்டான், அந்தப் புரிதல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. பின் சீட்டில் இயலின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்து, சட்டையில் மூன்று சொட்டு. அழவில்லை. நான்தான் சொன்னேன், கண்ணு, நீச்சல் குளத்தில் வழுக்கிட்டுதுன்னு அம்மாகிட்ட சொல்லணும், சரியா. ஏன் என்றாள். நான் என்ன சொன்னேன், ஏதோ சொன்னேன். ஏழு வயசுப் பிள்ளை நாலு மாதமாக எனக்காக அந்தப் பொய்யை வைத்திருக்கிறது. அன்றைக்குத்தான் இந்தத் தேதிக்குப் பதிவு செய்தேன். மரிசோலுக்காக இல்லை, கெசிக்காகக்கூட இல்லை. அந்த உதட்டுக்காக.

"அக்கா! ஹெப்சிக்காதானே? நீங்க இங்க என்ன பண்றீங்க?"

குரல் கேட்ட உடனே தெரிந்துவிட்டது, ஆனாலும் தலையைத் திருப்ப ஒரு நிமிஷம் பிடித்தது. பூர்ணிமாதான். ஆபீஸ் உடுப்பு, கையில் ஒரு தடித்த ஃபைல், பக்கத்து நாற்காலியில் என்னைக் கேட்காமலே உட்கார்ந்தாள், வரிசை முழுக்க ஆடியது. நான் சீட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். "ஒரு வேலையா வந்தேன்" என்றேன். "ரினியூவலுங்களா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன், நம் ஆட்கள் ஆட்டுவதுபோல, ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் இல்லை, அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். "எனக்கு வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சுங்க்கா. விசா தேதி எதுவோ அதுதான் லைசென்ஸ் தேதி. விசா நீட்டிச்ச பேப்பர் நேத்துத்தான் வந்துச்சு. நாலு நாளா வண்டி எடுக்கலை, கையையும் காலையும் கட்டிப்போட்ட மாதிரி இருக்குது. செந்தில்தான் கொண்டுவந்து விட்டுட்டுப் போனாரு" என்றாள். நாலு நாள். ஓட்டக் கூடாது என்றதும் நாலு நாள் ஓட்டாமல் இருந்திருக்கிறாள், சாவியைத் தொங்கவிட்டுவிட்டு. அப்படியும் இருக்கலாம் போலிருக்கிறது. அவளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவர நான் இருந்தேன். "உங்களுக்கு எந்த நம்பருங்க்கா? எனக்கு ஆர் நாப்பத்தொண்ணு" என்றாள். தூரம்தான் என்றேன். எல் பதினாறு, கவுண்டர் ஆறு. சடை போட்ட ஒரு பெண் பிள்ளை எழுந்து ஓடியது. ஆண்டவரே, அவளை முதலில் கூப்பிடும். நாப்பத்தொண்ணு வரட்டும், அவள் எழுந்து போகட்டும், அந்த இரண்டு நிமிஷத்தில் நான் போய்விடுகிறேன். பூர்ணிமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நிலவனுக்கு மூக்கடைப்பு, இன்றைக்கு நீச்சல் வேண்டாம். சரி என்றேன். ஆர் முப்பத்தெட்டு. ஆர் முப்பத்தொன்பது. ஆர் நாற்பது. அடுத்தது, அடுத்தது.

எல் பதினேழு. கவுண்டர் ஆறு.

நான் எழவில்லை. திரையில் அது மின்னி மின்னி நின்றது. ஆறாம் கவுண்டருக்கு மேலே பெரிய பலகை, ஓட்டப் பழகுபவர்கள், முதல் அனுமதி என்று, அதற்குக் கீழே ஸ்டியரிங் பிடித்த ஒரு பையன் படம். சட்டத்தில் எனக்கு இடம் இருக்கிறது, அந்தக் கவுண்டர் எனக்காகவும்தான் திறந்திருக்கிறது, ஆனால் இவள் கண் முன்னால் அந்தப் பலகைக்குக் கீழே போய் நிற்க முடியாது. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். இன்னும் நாலு மாதம். சாயங்காலம் வழக்கம்போலப் பிள்ளைகளைக் கூட்டி வருவேன். மெதுவாக ஓட்டுவேன். இன்னும் மெதுவாக. பெண் குரல் இரண்டாம் தடவை சொன்னது, எல் பதினேழு. இன்னொரு தடவை சொல்வார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். இயல் ஏன் என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது. இந்த மாமியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருவாங்க என்று சொன்னேன். சின்னப் பிள்ளையிடம் அதைச் சொன்னேன். எழுந்தேன். கையிலிருந்த சீட்டைப் பூர்ணிமா பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "அக்கா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் நடந்தேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் சட்டையில் டெனிஸ் என்று பெயர் குத்தியிருந்தாள், கறுப்பு நிறம், என் வயசு இருக்கும், மூச்சை விடம்மா, நான் ஒன்றும் கடிக்கமாட்டேன் என்றாள். நாலு தாளையும் நீட்டினேன். பாஸ்போர்ட்டைத் திறந்தாள், பெயர் இருந்த பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள், விசா இருந்த பக்கம் அவள் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது, புரட்டவில்லை. சட்டம் சொன்னபடிதான் செய்தாள், அவளாகச் சலுகை காட்டவில்லை, ஆனாலும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாடகைப் பத்திரத்தில் வேறு பெயராக இருக்கிறதே என்றாள். புருஷன் பெயர் என்றேன். பள்ளிக்கூடக் கடிதத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், விலாசத்தைத் தட்டினாள், ஒவ்வொரு எழுத்தையும் எனக்குப் படித்துக் காட்டினாள், சரியா, சரியா என்று. என் வீடு ஒவ்வொரு எழுத்தாக உள்ளே போனது. மாடிப்படி, இரண்டாம் கதவு, எண் 2பி. சரி என்றேன். இதற்கு முன் வண்டி ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டாள், படிவத்தில் இல்லாத கேள்வி, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள், நான் பதில் சொல்வதற்குள் அவளே கையைக் காட்டி, கணினித் திரை அந்தப் பக்கம், ஐம்பது கேள்வி, அவசரப்படாதே என்றாள். ஐம்பதில் நாற்பத்தேழு. தப்பான மூன்றில் ஒன்று, விபத்து நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது. பதில் தெரியும், கை வேறெதையோ அழுத்திவிட்டது. பிறகு நீலத் திரைக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். சிரிக்காமல் நேராகப் பாருங்கள் என்றார்கள். நான் சிரிக்கவில்லை. விளக்கு ஒன்று வெட்டியது, அவ்வளவுதான், ஆறு வருஷமாக எந்தக் கேமராவைக் கண்டாலும் திருப்பிக்கொண்ட முகம் அதற்குள் போய்விட்டது. டெனிஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். வாழ்த்துகள் என்றாள். மூன்று மாதம் கழித்து ஓட்டிக் காட்டும் தேர்வு, அதுவரைக்கும் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் எப்போதும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தனியாக ஓட்டக் கூடாது, புரிகிறதா. புரிகிறது என்றேன். உதவிச் சங்கத்துப் பெண்ணும் சொல்லியிருந்தாள், புத்தகத்திலும் இருந்தது, நாற்பத்தேழு சரியான பதில்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் அதை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் இருந்தது. என் பக்கத்தில் யார்.

பூர்ணிமா வாசலில் நின்றிருந்தாள். அவள் வேலை முடிந்து நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பக்கத்துல லைசென்ஸ் இருக்கறவங்க உட்காரணுமாமே. படிச்சேன். வண்டி எங்க நிக்குது?"

"பெயின்ட் கடையில."

ஏன் அங்கே என்று அவள் கேட்கவில்லை. "வாங்க. என்னை வீட்டுல விட்டுருங்க" என்றாள். இரண்டு பேரும் நடந்தோம். அவள் முன் சீட்டில் ஏறினாள், அந்தச் சீட்டில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று, கெசியின் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்திருந்ததில் அவள் முழங்கால் இடித்தது. வண்டியை எடுத்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சட்டப்படி ஓட்டுகிறேன். சிக்னல் போட்டேன், வேகத்தைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், மறுபடி வேகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சிவப்புக்கும் பூர்ணிமாவின் வலது கால் தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பதுபோல. இரண்டாவது திருப்பத்தில் பின்னால் ஒரு போலீஸ் வண்டி சேர்ந்துகொண்டது. என் முதுகு அதைக் கண்ணுக்கு முன்பே பார்த்துவிட்டது. பையில் தாள் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறாள், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை, ஆனால் வாய் உலர்ந்து நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டியது, தொடை தனியாக ஆடியது. ஒரு மைல் பின்னாலேயே வந்தார்கள். பூர்ணிமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர்கள் இடது பக்கம் திரும்பிப் போனார்கள்.

"தினமும் இப்படித்தான் இருக்குங்களா?"

"ஆமா."

"பிள்ளைங்க பின்னாடி இருக்கும்போதும்?"

"அப்ப இன்னும் கூடுதலா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன், இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு வருஷம், வாரத்துக்கு ஐந்து நாள், மழை நாள், பனி நாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள். சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பீர்களா என்று கேட்க நினைத்தேன், அது நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்கிற உரிமையை இயலின் உதடு எடுத்துக்கொண்டுவிட்டது. பூர்ணிமா திரும்பினாள். "ஒரு தடவையாவது ஏதாவது ஆயிருக்குதா? உண்மையைச் சொல்லுங்க."

இப்போது சொல்லலாம். இப்போது சொன்னால் அந்தப் பிள்ளைக்கு விடுதலை. சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒருத்தி சொன்னாள், நாலு தாளில் இருப்பவர்களில் எவளோ ஒருத்தி. அதோடு என்னென்ன சேர்ந்து வரும், இடித்தவனின் வண்டி எண், ஓடிப்போனேன் என்று ஒரு குற்றம், செந்தில் போனை எடுப்பது, மூன்று மாதத்தில் வரும் தேர்வு வராமலே போவது, மஞ்சள் பஸ்ஸிலிருந்து கெசி இறங்கும்போது வாசலில் நான் இல்லாமல் இருப்பது. சிக்னல் பச்சையானது.

"இல்ல. ஒண்ணும் ஆகல" என்றேன்.

அவள் நம்பினாள். நம்பி, மூச்சு விட்டாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். உடனே இறங்கவில்லை. "செந்தில்கிட்ட சொல்லமாட்டேனுங்க்கா. சொன்னா அவரு வேற மாதிரி எடுத்துக்குவாரு. ஆபீஸ்ல டைம் மாத்திக்கிட்டேன், நானே பார்த்துக்கறேன்னு சொல்லிக்கறேன். உங்க மேல கோபம் இல்லீங்க. என்னால முடியல, அவ்வளவுதான். இனிமே பிள்ளைங்க உங்க வண்டியில போறதை நெனச்சாலே…" என்று நிறுத்தினாள். சரி என்றேன். மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்காருவீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். வண்டிச் சீட்டின் மேல் மாட்டிய பிள்ளைகளின் இரண்டு குட்டிச் சீட்டும் அங்கே இருந்தன, நீலம் ஒன்று, ஆரஞ்சு ஒன்று. நீலத்தைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். கொக்கி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டு வருஷமும் மாட்டியவள் நான்தான். இறங்கிச் சுற்றி வந்தேன். "இங்க அழுத்தணும்" என்று காட்டி, கையை உள்ளே விட்டு, இரண்டையும் கழற்றினேன். அடியில் பிஸ்கட் தூள், ஒரு சின்ன ஜடைக் கிளிப். கிளிப்பைத் துடைத்து அவளிடம் கொடுத்தேன். கைக்கு ஒரு சீட்டாகத் தூக்கிக்கொண்டு படியேறினாள், கதவைத் திறக்கக் கையில்லாமல் கொஞ்சம் தடுமாறினாள், நான் போய்த் திறந்துவிடவில்லை. "பார்த்துப் போங்கக்கா" என்றாள், பழக்கத்தில். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல, என் வண்டியையும், காலியான முன் சீட்டையும் ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பன்னிரண்டேகால். கெசியின் பஸ் மூன்று மணிக்கு வரும். வீடு ஆறு மைல், நடுவில் நடைபாதை இல்லாத பெரிய சாலை, மரிசோலின் வண்டி நின்ற பள்ளமும் அதில்தான். கூப்பிட்டுக் கேட்க யாராவது இருக்கிறார்களா என்று போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளினேன். சபைக்காரர்கள் இரண்டு பேர் வேலையில். உதவிச் சங்கத்துப் பெண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். முகம் கொஞ்சம் பயந்தாற்போல் இருந்தது, ஆனால் நான்தான், சந்தேகமே இல்லை. ஹெப்சிபா, எண் 2பி. நேற்றுவரை யாரும் அறியாமல் ஓட்டினேன். இனி என் முகமும் விலாசமும் தெரிந்தவர்களுக்கு எதிரில் ஓட்ட வேண்டும். பூர்ணிமா வீட்டு ஜன்னல் திரை அசைந்ததுபோல் இருந்தது, பார்த்தேன், அசையவில்லை. தெருவில் ஒருவரும் இல்லை. பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரிபார்த்து, சிக்னல் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை எடுத்தேன்.